நட்ட நாத்தைப் புடுங்கினவ

ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு எதிர்ல இட்லிக் கடை வெச்சிருக்கிற பூவம்மாள் நான்தான். சாராளைப் பத்தி ஆளுக்கொரு கதை சொல்லிக்கினு திரியறாங்க. ஜெபம் பண்ணி மண்ணை மாத்துனாளாம், கவர்மெண்டு ஆளுக்கு மருந்து வெச்சாளாம், எவன் வயல்ல இருந்தோ பயிரைப் பேத்தாந்து நட்டாளாம். கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியுது. அவளும் நானும் ஒரே காலனில பொறந்தவங்க, ஒரே சர்ச்சுல பாட்டு கத்துக்கினவங்க. நடந்தது இன்னான்னு நான் சொல்றேன். கேட்டுட்டு அப்பால எவன் வாய் வேணும்னாலும் பேசட்டும்.

அறுபத்தொம்போதுல கவர்மெண்டுல எங்க காலனி ஆளுங்க கொஞ்சம் பேருக்குத் தரிசு நெலம் குடுத்தாங்க. சாராளுக்கும் அவ புருசன் சின்னதுரைக்கும் வந்தது ஊருக்குக் கெழக்கால, உப்பங்கழிக்குப் போற வழில ஒரு ஏக்கரு. மண்ணா அது? கையில அள்ளுனா பாதி சிப்பி. எந்தக் காலத்துலயோ கடலு அங்க வந்து படுத்துட்டுப் போயிருக்கு. குடுக்கும்போதே ஒரு கொக்கி போட்டுத்தான் குடுத்தாங்க. மூணு வருசத்துக்குள்ள பயிர் வெச்சிக் காட்டணும். காட்டலன்னா நெலம் திரும்பப் பூடும்.

மத்தவங்க எல்லாம் பாத்தாங்க, சிரிச்சாங்க, அப்படியே வுட்டுட்டு ரயிலேறி வேலைக்குப் போனாங்க. சின்னதுரையும் எண்ணூர்ல மூட்டை தூக்கத்தான் போனாரு. நல்ல மனுசன், ஆனா நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. நெலத்துல நின்னவ சாராளுதான். அவளுக்கு ஒரே வெறி. எங்கம்மா, அவங்கம்மா, அவங்களுக்கு முன்ன இருந்தவங்க எல்லாம் அடுத்தவன் வயல்லயே குனிஞ்சி குனிஞ்சி முதுகு வளைஞ்சி செத்தாங்க. "எனக்கு முதுகு வளைஞ்சா என் வயல்லதான் வளையணும் பூவு" அப்படின்னுவா. இந்த ஒரு ஏக்கரு போச்சுன்னா இன்னொண்ணு இந்த ஜென்மத்துல வராதுன்னு அவளுக்குத் தெரியும்.

அந்த நெலத்துக்கு மேக்கால இருக்கிறது பூரா கோதண்டத்தோடது. பெரிய ஊட்டுக்காரரு, ஊர்ல அவரு வெச்சதுதான் சட்டம். அவரைப் பாத்தா எங்காளுங்க "ஆண்டே"ன்னு துண்டை இடுப்புல கட்டணும். சாராளு மட்டும் "இன்னா சார்" அப்படின்னுவா. டிக்கெட்டு குடுக்கிற கிளார்க்கைக் கூப்புடறாப்பல. அந்த ஒரு வார்த்தைக்கே அந்தாளுக்கு மூஞ்சி செவந்து பூடும். அந்தச் சிப்பி மண்ணை அவரு தாத்தா காலத்துல இருந்து ஒருத்தரும் சீந்தல. ஆனா கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க வரப்போவுது, ரோடு போடப்போறான்னு பேச்சு அடிபட்டுச்சு பாருங்க, அப்பத்தான் அவருக்கு அது கண்ணுல பட்டுச்சு. இவ பயிர் வெக்கலன்னு நெலம் கேன்சல் ஆனா, எழுதிக் குடுத்துத் தன் பேருக்கு வாங்கிடலாம்னு நெனப்பு.

மொத வருசம் சாராளு நட்டா. பயிர் சாகல, வளரவும் இல்ல. கறுத்த பச்சையா, குச்சி குச்சியா, தூர் கட்டாம, ஒரு சாண்ல நின்னு மொறைச்சிக்கினு இருந்துச்சி. ரெண்டாம் வருசம் அவ எலும்பைப் போட்டா. எங்க காலனில செத்த மாட்டு எலும்பு பொறுக்கி மில்லுக்குப் போடறது வழக்கம். ஊர்க்காரங்க அதுக்குத்தான் எங்களைப் பாத்து மூக்கைப் பொத்துவாங்க, அதே எலும்புத்தூளு மூட்டையா வந்தா மட்டும் கும்புட்டு வாங்கித் தோப்புக்குப் போடுவாங்க. இவ நேரா எலும்பைச் சுட்டு, உலக்கையால இடிச்சி, மாவாக்கி வயல்ல எறைச்சா. அன்னிக்கு வரப்புல கோதண்டம் நாலு பேரோட நின்னுக்கினு, "எலும்பு போட்ட நெலத்துல நாய்தாண்டி மொளைக்கும்" அப்படின்னாரு.

"மொளைச்சா மொத கடி உங்களுக்குத்தான் சார்" அப்படின்னு இவ நிமிராமலே சொன்னா.

சொன்னாளே ஒழிய, அந்த வருசமும் பயிர் வரல. அறுத்தது மாட்டுக்கும் பத்தல. என் கடை பெஞ்சியில வந்து குந்தி, டீயக் கையில வெச்சிக்கினு குடிக்காம இருந்தா. அழுவல. அவ அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

இதுக்கு நடுவுல வந்தவருதான் முனிகிருஷ்ணன். கிராம சேவக்கு, ஊர் ஊராப் போயி விவசாயத்துக்கு யோசனை சொல்ற கவர்மெண்டு ஆளு. பழவேற்காட்டுப் பக்கம் மீன் புடிக்கிற ஊட்டுப் புள்ள, படிச்சி இந்த வேலைக்கு வந்தவரு. சைக்கிள்ல வருவாரு, தெனம் நாஷ்டா என் கடையிலதான். எழுபத்தொண்ணுல, நாத்து வுடற நேரத்துல, திருவள்ளூர் பக்கத்துப் பண்ணையில இருந்து ஒரு பொட்டலம் கொண்டாந்தாரு. கறுப்பா, தூளா, மழை பேஞ்ச மண்ணு வாசனை. அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குதாம், அத வயல்ல வுடணுமாம். மொதல்ல பெரிய ஊட்டுங்களுக்குத்தான் எடுத்துக்கினு போனாரு. "கிருமிய சாவடிக்கத்தான்யா நாங்க மருந்து அடிக்கறோம், நீ கிருமியையே கொண்டாந்து வுடச் சொல்ற, பைத்தியமா உனக்கு"ன்னு கோதண்டம் வெரட்டி வுட்டாரு. மனுசன் பேஜாராயி என் கடையில வந்து குந்துனாரு. பக்கத்துல சாராளு.

"இது இன்னா பண்ணும்?" அப்படின்னா.

அவரு சொன்னாரு. பயிருக்கு மணிச்சத்துன்னு ஒண்ணு வேணும், பாஸ்பேட்டுன்னு இங்கிலீஸ்ல. வேர் புடிக்க, தூர் கட்ட, கதிர் மணியாவ அதான் ஆதாரம். எலும்புல அது நெறைய இருக்கு. ஆனா உன் மண்ணு சுண்ணாம்பு மண்ணு, அது அந்தச் சத்தை இறுக்கிப் புடிச்சிக்கினு வுடமாட்டேங்குது. வேரால உறிஞ்ச முடியல. இந்தக் கிருமி வேர்கிட்ட குந்திக்கினு புளிப்பா ஒரு தண்ணி வுடும். அந்தப் புளிப்பு பட்டா சுண்ணாம்புப் புடி நெகிழும், சத்து கரையும், பயிர் குடிச்சிக்கும். அவ்ளோதான்.

எனக்குச் சட்டுனு வெளங்கிச்சி. ராத்திரி கரைச்சி வெச்ச மாவு காலைல புளிச்சி நிக்குது, யாரு புளிக்க வெச்சது? கண்ணுல பாத்தோமா? உப்புத்தண்ணி காய்ச்சி அடியில வெள்ளையாப் புடிச்ச குண்டான் புளித்தண்ணி ஊத்துனா வுட்டுக் குடுக்குதா இல்லியா? நான் இதச் சொன்னதும் முனிகிருஷ்ணன், "அதே தாம்மா" அப்படின்னு இன்னும் ரெண்டு இட்லி வெக்கச் சொன்னாரு. சாராளு பொட்டலத்தை எடுத்து முந்தானையில முடிஞ்சிக்கினா.

"வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணையில வந்துச்சி. உன் மண்ணுல வருமான்னு எனக்கும் தெரியாது" அப்படின்னாரு அவரு.

"தலைக்கு மேல போன வெள்ளம் சாண் போனா இன்னா, மொழம் போனா இன்னா" அப்படின்னா இவ. அதுதான் மூணாவது வருசம், கடைசிப் பட்டம்.

நடவுக்கு வயல் மூலையில ஒரு குழி வெட்டுனா. சாணியும் தண்ணியும் கலந்து, பொட்டலத்தைக் கொட்டிக் கரைச்சி வெச்சா. நாத்து வேரை அதுல கொஞ்ச நேரம் ஊற வெச்சி, அப்படியே எடுத்து நடணும், அதான் முனிகிருஷ்ணன் சொன்ன வழி. எங்க காலனி நடவு ஆளுங்களுக்குத் தலைவி சின்னப்பொண்ணு. அவ நட்ட வயலு கயிறு புடிச்சாப்பல இருக்கும், பத்து ஊர்க்காரன் வந்து கூப்புட்டுக்கினு போவான். அவகிட்ட சாராளு வெவரத்தைச் சொல்லிக்கினு இருக்கும்போதே மடையில தண்ணி நின்னு போச்சு. ஏரித் தண்ணி தொறக்கிறவனை கோதண்டம் கண்ணைக் காட்டி அடைக்க வெச்சிட்டாரு. சாராளு மண்வெட்டியத் தூக்கிக்கினு ஏரிக்கரைக்கு ஓடுனா. அவனைத் திட்டித் தீத்து, மதகாண்ட குந்தி, தண்ணி வந்ததும் திரும்பறதுக்கு வெயில் உச்சிக்கு ஏறிப்போச்சு.

வந்து பாத்தா, முக்காவாசி வயல் நட்டு முடிஞ்சிருக்கு. அழகா, வரிசையா. சாராளு ஒரு நாத்தை உருவிப் பாத்தா. வேரு வெள்ளைவெளேர்னு இருக்கு.

இன்னா ஆச்சுன்னு கேளுங்க. எங்க பொம்பளைங்க நாத்தைப் புடுங்குனா, ஒரு கைப்புடி நாத்தை, முடின்னுவோம், அதக் காலு மேல பொத்து பொத்துன்னு அடிச்சி, தண்ணில அலசி, வேருல ஒட்டுன சேறு போன அப்பாலதான் கட்டுவாங்க, அப்பாலதான் நடுவாங்க. சேத்து வேரோட நடறவ சோம்பேறி. ஆயுசு பூரா அந்தக் கையிக்கு அதான் பழக்கம். சின்னப்பொண்ணு சொன்னபடி ஊறத்தான் வெச்சா. ஊற வெச்சி எடுத்ததும் வேரு பூரா கறுப்பா, சாணியா ஒழுவுது. இத எப்படி நடறதுன்னு, அதே குழியாண்ட நின்னு, வாய்க்கால்ல தேங்கி நின்ன தண்ணிய மொண்டு ஊத்தி, காலுல அடிச்சி, பளிச்சுனு அலசி அலசி நட்டாளுங்க. வேலைய ஒழுங்காச் செய்யற கை, அதான் பண்ணிடுச்சி. சோம்பேறி எவளாவது நட்டிருந்தா பயிரு பொழைச்சிருக்கும்.

"எவடி உன்னை அலசச் சொன்னது?" அப்படின்னு சாராளு அந்த நாத்தை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுனா.

"எவடி சொல்லணும்? என் கையி நட்ட வயல்ல அழுக்கு வேர் நிக்குதுன்னு எவளாவது பேசுனா உனக்கா கேவலம், எனக்கா?" சின்னப்பொண்ணும் லேசுப்பட்டவ இல்ல.

ரெண்டு பேரும் கத்துன கத்துல நான் கடைய வுட்டுட்டு ஓடுனேன். நான் போறதுக்குள்ள சாராளு குனிஞ்சி நட்ட நாத்தைப் புடுங்க ஆரம்பிச்சிட்டா. கைக்குக் கை புடுங்கறா. மத்தவளுங்க அப்படியே நின்னுட்டாளுங்க. நட்ட நாத்தை அன்னிக்கே புடுங்குனா ஊட்டுல பொணம் வுழும்னு எங்க பக்கத்துல ஒரு பேச்சு. நாங்க வேதக்காரங்கதான், ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்கதான், ஆனா வயல்ல எறங்குனா இந்தப் பயம் மட்டும் போவாது. கெழவி ஒருத்தி, "வேணாண்டி, புருசன் ரயிலேறிப் போறவன்" அப்படின்னா.

"நெலம் போனா அவரு தெனம் ரயிலேறித்தான் சாவணும்" அப்படின்னா சாராளு, புடுங்கிக்கினே.

பொட்டலம் தீந்து போச்சு, வேற கெடையாது. ஆனா அலசுன தண்ணி எங்க போச்சு? அந்தக் குழிக்குத்தான போச்சு? கறுப்பு பூரா குழிச் சேத்துலயும் அது பக்கத்துச் சேத்துலயும்தான் படிஞ்சி கெடக்கு. அவ அந்தச் சேத்தையெல்லாம் வழிச்சிக் குழில தள்ளிக் கலக்கி, புடுங்குன நாத்தை அதுல போட்டா. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா கரையேறிட்டாளுங்க. எனக்கு நடத் தெரியாது, ஆனா முடி எடுத்துக் குடுக்கக் கை இருக்கே. நான் எறங்குனேன். பொழுது சாயற வரைக்கும் நாங்க ரெண்டு பேருதான்.

மறுநாளு விடிஞ்சதும் பாத்தா சின்னப்பொண்ணு வரப்புல நிக்கிறா. மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினு, "நீ நேத்து நட்டது வரிசையா இது? ஆடு மேஞ்சாப்பல இருக்கு" அப்படின்னா. எறங்கி, கறுப்பு வேரைக் கையில புடிச்சி, மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினே நட்டா. அவ பின்னால மத்தவளுங்களும் எறங்குனாளுங்க. ஒண்ணு மட்டும் கேட்டா. ஈசானி மூலையில மொத முடிய ஜெபம் பண்ணி நட்டோமே, அந்த ஓரத்தை மட்டும் புடுங்காத, அது என் மனசுக்கு ஆவாதுன்னா. சாராளு சரின்னுட்டா. அது ரோட்டு ஓரம், ஒரு துண்டு.

அப்பால ஐப்பசி, கார்த்திகை, மழையும் ஒழுங்கா பேஞ்சது. மந்திரமெல்லாம் இல்ல, சொல்லிட்டேன். ஆனா வயலு நெறம் மாறுச்சி. தூர் கட்டிச்சி, பக்கத்துக்குப் பக்கம் பயிரு நெருங்கிக்கினு நின்னுச்சி. அந்த ரோட்டோரத் துண்டு மட்டும் பழையபடி குச்சி குச்சியா மொறைச்சிக்கினே இருந்துச்சி. முனிகிருஷ்ணன் தெனம் வந்து அந்தத் துண்டையும் பாப்பாரு, உள்ளயும் பாப்பாரு, தனக்குத்தானே சிரிச்சிக்குவாரு.

தை பொறந்து, கதிரு பால் கட்டி மணியாவற நேரம், ரெவின்யூ இன்ஸ்பெக்டரு வந்தாரு. தானா வரல, நெலம் தரிசாவே கெடக்குதுன்னு கோதண்டம் எழுதிப் போட்ட மனுவுக்குத்தான் வந்தாரு. கூட ஊர்க் கணக்கு பாக்கிற கர்ணம், கோதண்டம், ஒரு கூட்டம். அவரைக் கோதண்டம் நேரா எங்க கூட்டியாந்து நிறுத்துனாரு தெரியுமா? ஈசானி மூலையில. "பாருங்க சார், இதான் பயிராம். கோரைகூட இத வுட நல்லா வரும்."

வரப்புல புல்லும் ஆளொசரம் நிக்குது, அந்த எடத்துல இருந்து பாத்தா சோணிப் பயிருதான் முன்னால தெரியுது. இன்ஸ்பெக்டரு பேனாவை எடுத்துட்டாரு. சாராளு வயலு நடுவுல நின்னுக்கினு இருந்தா. கரைக்கு ஓடியாந்து கையெடுத்துக் கும்புடுவான்னு எல்லாரும் பாத்தாங்க. அவ வரல. அங்கயே நின்னுக்கினு சொன்னா:

"சார், கரையில நின்னு எழுதறதுன்னா ஆபீஸ்லயே எழுதியிருக்கலாம். இம்மாந்தூரம் வந்தீங்க, எறங்கி வாங்க."

"யாருகிட்ட பேசற?" அப்படின்னு கர்ணம் ஒரு அதட்டுப் போட்டாரு.

"எழுதறவருகிட்ட. நீங்க கரையிலயே நில்லுங்க, உங்களுக்குச் சேறு ஆவாது."

இன்ஸ்பெக்டரு பேனாவை மூடிச் சட்டைப் பையில வெச்சாரு. வயசானவரு, கண்ணாடி போட்டவரு. செருப்பைக் கழட்டி, வேட்டிய மடிச்சிக் கட்டி எறங்கிட்டாரு. எங்க காலனி நெலத்துல அப்படி ஒரு ஆபீசரு எறங்கி நான் பாத்ததே இல்ல. உள்ள போவப் போவப் பயிரு அவரு இடுப்புக்கு வந்துச்சி. ஒரு கதிரைக் கையில வெச்சி உருட்டுனாரு. அப்பால திரும்பி, "அந்த ஓரம் மட்டும் ஏம்மா அப்படி?" அப்படின்னாரு.

"அது குளிச்சிட்டு எறங்குன நாத்து சார்" அப்படின்னா சாராளு. கரையில நின்ன சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கினு சிரிச்சா. முனிகிருஷ்ணன் ஓடிப்போயி கிருமி, எலும்பு, சுண்ணாம்புன்னு எல்லாத்தையும் வெளக்குனாரு. எலும்புன்னதும் கர்ணம் மூக்கைச் சுளிச்சாரு. இன்ஸ்பெக்டரு சுளிக்கல. அங்கயே சேத்துல நின்னுக்கினு, பயிர் இருக்குதுன்னு எழுதிட்டாரு. கோதண்டம் அதுக்குள்ள ரோட்டுக்குப் பூட்டாரு.

நெலம் நின்னுச்சி. அறுப்புல வந்த நெல்லு நல்ல மண்ணுல வெளையறதுல முக்காவாசிதான், ஆனா அது சாராளு நெல்லு. மொத மரக்காலைக் கோயில்ல வெச்சா, ரெண்டாவது சின்னப்பொண்ணு ஊட்டுக்கு அனுப்புனா.

அந்தக் குழிய அவ மூடல. பழைய மாவு கொஞ்சம் வுட்டு வெச்சா புது மாவு சுருக்கப் புளிக்கறாப்பல, இதுவும் பெருகுமான்னு நான் முனிகிருஷ்ணனைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா, இருக்கலாம். எதுக்கும் வெயில் படாம வெச்சிருங்க, புதுசும் நான் கொண்டாரேன்" அப்படின்னாரு. சாராளு ஓலைய மூடி வெச்சா, சாணி போட்டா. அடுத்த பட்டத்துக்கு எங்க காலனில நெலத்தை வுட்டுட்டுப் போனவனெல்லாம் திரும்பி வந்தான். வந்தவனுக்கெல்லாம் அதுல இருந்து அள்ளிக் குடுத்தா.

கோதண்டத்துக்கும் கெழக்கால அதே சிப்பி மண்ணுல ரெண்டு ஏக்கரு பாழாக் கெடந்துச்சி. ஒரு நாள் காலைல அவரு ஆளு ஒருத்தன் கூடையோட வந்தான், குழி மண்ணு கேட்டு. சாராளு அவனை வெறுங்கூடையோட திருப்பி அனுப்புனா. "வேணுங்கிறவரு வாய் தொறந்து கேக்கட்டும்" அப்படின்னா. வருவாருன்னு எங்கள்ல ஒருத்தரும் நெனைக்கல. ஊர்ப் பெரிய மனுசன் எவனும் எங்க தெருவுக்குள்ள கால் வெச்சதில்ல, தெரு முனையில நின்னு கத்திக் கூப்புடறதுதான் வழக்கம். அவரு நாத்து முத்திக்கினே போச்சி, நடவு நாளு தாண்டுது. வந்தாரு. பட்டப் பகல்ல, தெரு பூரா வாசல்ல நிக்க, கூடைய அவரே புடிச்சிக்கினு வந்து, "சாராளு, அந்த மண்ணு கொஞ்சம் குடு"ன்னு கேட்டாரு. ஏய், அடியேன்னு கூப்புட்ட வாயில அவ பேரை அன்னிக்குத்தான் நான் கேட்டேன்.

சாராளு வயலுக்கு முன்னால நடந்தா. குழில எறங்கி, கூடைய வாங்கி, விளிம்பு வரைக்கும் நெரவி, வரப்புல அவரு காலடியில வெச்சா.

"மூணு வருசமா என் மண்ணு வேணும் வேணும்னு அலைஞ்சீங்களே சார்" அப்படின்னா. "இந்தாங்க. இவ்ளோதான் குடுப்பேன்."

அவரு சுத்திமுத்தும் பாத்தாரு. தூக்கி வுட ஒருத்தரும் போவல. குனிஞ்சி, அவரே தலைமேல தூக்கி வெச்சிக்கினு, எங்க தெரு வழியாவே திரும்பி நடந்து போனாரு.